எழுத்து இரண்டானால் என்ன? மருந்தின் பெயர் இரண்டானால்தான் ஆபத்து!

இங்கிலாந்து டாக்டரும் ஆங்கிலத்தில் எழுதுகிறார். அமெரிக்க டாக்டரும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார். நோய் ஒன்று. வைத்தியமும் ஒன்று. ஆனால், எழுதுகிற எழுத்து மட்டும் வேறு!

இரத்த சோகைக்கு ஆங்கிலத்தில் 'அனீமியா' என்று பெயர். இந்தச் சொல்லை இங்கிலாந்துக்காரர் ஏழு எழுத்தில் எழுதுவார். அமெரிக்கர் ஆறே எழுத்தில் முடித்துவிடுவார். நடுவில் இருக்கும் 'ஏ' என்ற எழுத்து அமெரிக்காவில் கிடையாது.

வயிற்றுப்போக்குக்கு 'டயரியா' என்று பெயர். இங்கிலாந்தில் இதற்கு ஒன்பது எழுத்து. அமெரிக்காவில் எட்டு. இங்கே காணாமல் போனது 'ஓ'.

இரத்தப்போக்கைக் குறிக்கும் 'ஹெமரேஜ்', குழந்தை வைத்தியத்தைக் குறிக்கும் 'பீடியாட்ரிக்ஸ்', பெண்கள் நோய் வைத்தியத்தைக் குறிக்கும் 'கைனகாலஜி' எல்லாவற்றிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் ஓர் எழுத்து கூடுதல். அமெரிக்காவில் ஓர் எழுத்து குறைவு.

நம் நாட்டில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. மருத்துவப் பாடப் புத்தகங்களில் பெரும்பாலும் இங்கிலாந்து வழக்கம். கம்ப்யூட்டரில் பெரும்பாலும் அமெரிக்க வழக்கம். இரத்த சோகையை ஒழிப்பதற்காக 2018-ல் இந்திய அரசு தொடங்கிய திட்டத்தின் பெயரில் ஆறு எழுத்து 'அனீமியா'தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமோ ஏழு எழுத்தில் எழுதுகிறது!

ஆகவே வீடுகளில் கேள்வி எழுகிறது. "அப்பா, பாடத்தில் ஒரு மாதிரி இருக்கிறது. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் வேறு மாதிரி இருக்கிறது. எது சரி?" என்று மகள் கேட்கிறாள். "சீட்டில் தப்பாக அடித்துவிட்டார்கள் அம்மா" என்கிறார் அப்பா.

தப்பு ஒன்றும் இல்லை. இரண்டும் சரிதான்! இந்த எழுத்துச் சண்டையில் வீணாகக் காலத்தைப் போக்க வேண்டியதில்லை. நாம் கவலைப்பட வேண்டியது வேறொன்று. ஒரே மருந்துக்கு இரண்டு நாட்டில் இரண்டு பெயர் இருக்கிறது. அதில்தான் ஆபத்து இருக்கிறது.

முதலில் எழுத்தைப் பார்ப்போம். பிறகு பெயருக்கு வருவோம்.

கிரேக்கர் கொடுத்த சொல்

ஆங்கில வைத்தியச் சொற்களில் மிகப் பல, ஆங்கிலேயருடைய சொந்தச் சொற்கள் அல்ல. கிரேக்க மொழியிலிருந்து வந்தவை.

கிரேக்க மொழியில் 'ஹைமா' என்றால் இரத்தம். 'அனீமியா' என்றால் இரத்தம் இல்லாமை என்று பொருள். 'பைஸ்' என்றால் குழந்தை. அதிலிருந்து 'பீடியாட்ரிக்ஸ்' வந்தது.

கிரேக்கச் சொற்களை லத்தீன் மொழிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். கிரேக்கத்தில் 'ஐ' என்று ஒலித்த இடத்தில் 'ஏ', 'ஈ' என்ற இரண்டு எழுத்துக்களைச் சேர்த்து எழுதினார்கள். 'ஒய்' என்று ஒலித்த இடத்தில் 'ஓ', 'ஈ' என்ற இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். பிற்காலத்தில் அச்சுக்கோப்பவர்கள் இந்த இரட்டை எழுத்துக்களை ஒட்டி, ஒரே அச்சாக வார்த்தார்கள்.

காலம் போகப் போக ஆங்கிலேயர் வாயில் இரண்டு ஒலியும் ஒன்றாகிவிட்டன. வெறும் 'ஈ' என்றே பெரும்பாலும் உச்சரித்தார்கள். ஒலி போய்விட்டது, எழுத்து மட்டும் நின்றது.

இங்கிலாந்துக்காரர், "நின்றது நிற்கட்டும்" என்றார். அமெரிக்கர், "ஒலிக்காத எழுத்து எதற்கு?" என்று எடுத்துவிட்டார். இவ்வளவுதான் விஷயம்!

நம்மிடமும் இப்படி உண்டு. 'ஐயா' என்று எழுதுகிறோம். 'அய்யா' என்றும் எழுதுகிறோம். எப்படி எழுதினாலும் மரியாதை குறைவதில்லை. அழைக்கப்பட்டவர் திரும்பிப் பார்க்கிறார்.

வெப்ஸ்டர் என்ற பிடிவாதக்காரர்

அமெரிக்காவில் எழுத்தைச் சுருக்க வேண்டும் என்று பாடுபட்டவர்களில் முக்கியமானவர் நோவா வெப்ஸ்டர். 1758-ல் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

அமெரிக்கா இங்கிலாந்திடமிருந்து அப்போதுதான் விடுதலை பெற்றிருந்தது. "நாடு நம்முடையது. மொழியும் நம்முடையதாக இருக்க வேண்டாமா?" என்பது வெப்ஸ்டரின் வாதம். 1783-ல் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். 1806-ல் ஒரு சிறிய அகராதி. 1828-ல், தமது எழுபதாவது வயதில், சுமார் 70,000 சொற்கள் கொண்ட பெரிய அகராதி!

நிறத்தைக் குறிக்கும் 'கலர்' என்ற சொல்லிலிருந்து 'யு' என்ற எழுத்தை எடுத்தார். வைத்தியர்கள் சொல்லும் 'டியூமர்' என்ற கட்டியிலும் அமெரிக்காவில் அந்த 'யு' கிடையாது.

எல்லா மாற்றத்தையும் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நாக்கு, பெண்கள் என்ற சொற்களுக்குக்கூட அவர் புது எழுத்துக் கொடுத்துப் பார்த்தார். ஜனங்கள் சிரித்தார்கள், ஏற்கவில்லை. சட்டம் போட்டு எழுத்தை மாற்ற முடியாது. மக்கள் கை எழுத வேண்டும்!

வெப்ஸ்டர் டாக்டர் அல்ல. ஆனாலும் கொள்ளை நோய்களின் வரலாறு பற்றி 1799-ல் ஒரு நூல் எழுதினார். எழுத்தைப் போலவே நோயையும் ஆராய்ந்த மனிதர் அவர்.

இங்கிலாந்து மாறவில்லையா?

"அமெரிக்கர்கள் ஆங்கிலத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

பொருளாதாரத்தைக் குறிக்கும் 'எகானமி' என்ற சொல்லுக்கும் ஒரு காலத்தில் முன்னால் 'ஓ' இருந்தது. இங்கிலாந்துக்காரர்களே அதை எடுத்துவிட்டார்கள். இன்று யாரும் அதற்காக அழுவதில்லை.

கருவில் இருக்கும் சிசுவுக்கு 'ஃபீட்டஸ்' என்று பெயர். இங்கிலாந்தில் பலர் இதில் ஓர் 'ஓ' சேர்த்து எழுதுவார்கள். ஆனால் பழைய லத்தீன் சொல்லில் அந்த 'ஓ' இல்லை. நடுவில் யாரோ சேர்த்துவிட்டது அது! இன்று இங்கிலாந்து மருத்துவ ஏடுகளே பெரும்பாலும் 'ஓ' இல்லாமல் எழுதுகின்றன.

அமெரிக்கரும் முழுக்க மாறவில்லை. எலும்பு வைத்தியத்தை 'ஆர்த்தோபீடிக்ஸ்' என்கிறோம். 1741-ல் நிக்கோலா ஆந்திரி என்ற பிரெஞ்சு வைத்தியர் உண்டாக்கிய சொல் இது. 'ஆர்த்தோஸ்' என்றால் நேர். குழந்தையை நேராக்குவது என்பது பொருள்.

அவருடைய புத்தகத்தில் ஒரு படம் உண்டு. கோணலாக வளர்ந்த இளமரத்தைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற நம் பழமொழி நினைவுக்கு வருகிறது அல்லவா? எலும்பு வைத்தியர்கள் அந்த மரத்தை இன்றும் தங்கள் சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்க எலும்பு வைத்தியர்களின் பெரிய சங்கம் 1933-ல் தோன்றியது. அந்தச் சங்கத்தின் பெயரில் இன்றும் பழைய 'ஏ' இருக்கிறது! அமெரிக்காவிலேயே இப்படி!

அந்த 'ஏ'யை வைத்திருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. குழந்தை என்ற மூலச் சொல் தெரிகிறது. அதை எடுத்துவிட்டால், காலைக் குறிக்கும் லத்தீன் சொல்லைப் போலத் தோன்றுகிறது. புதிதாகப் படிப்பவர், "இது பாத வைத்தியமோ?" என்று மயங்கலாம். பழைய எழுத்து, சொல்லின் குலத்தைக் காட்டுகிறது. புது எழுத்து, எழுதுவதற்குச் சுலபமாக இருக்கிறது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

எழுத்தால் சிறு தொல்லை

எழுத்து வேறுபாட்டால் தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிறு தொல்லைகள் உண்டு.

உணவுக்குழாய்க்கு 'ஈசோபேகஸ்' என்று பெயர். இங்கிலாந்தில் இந்தச் சொல் 'ஓ' என்ற எழுத்தில் தொடங்கும். அமெரிக்காவில் 'ஈ' என்ற எழுத்தில் தொடங்கும். முதல் எழுத்தே மாறிவிட்டால் அகராதியில் எங்கே போய்த் தேடுவது? பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான்!

வயிற்றுப் புளிப்பு மேலே ஏறி நெஞ்சைக் கரிக்கும் நோய் ஒன்று உண்டு. அதன் பெயரில் உணவுக்குழாயும் வருகிறது. பெயர் நீளம். ஆகவே முதலெழுத்துக்களை மட்டும் எடுத்துச் சுருக்கிச் சொல்வார்கள். இங்கிலாந்தில் 'ஜி, ஓ, ஆர், டி'. அமெரிக்காவில் 'ஜி, ஈ, ஆர், டி'. இரண்டு சீட்டைக் கையில் வைத்திருக்கும் நோயாளி, "எனக்கு இரண்டு வியாதியா டாக்டர்?" என்று பயப்படுவார். வியாதி ஒன்றுதான்!

ஆராய்ச்சி செய்பவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பொருள் அட்டவணையில் அமெரிக்க எழுத்துக்கே முதலிடம். இங்கிலாந்து எழுத்தில் தேடினாலும் சரியான இடத்துக்குப் போய்ச் சேரும்படி வழி செய்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் அந்த வசதி இல்லை. ஆகவே ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் திரட்டுபவர்கள் இரண்டு எழுத்திலும் தேடுகிறார்கள். ஒன்றில் மட்டும் தேடினால் பாதி கை நழுவிப் போகலாம்.

இவையெல்லாம் தொல்லைகள்தான். உயிருக்கு ஆபத்து இல்லை. இனிச் சொல்லப்போவது அப்படி அல்ல.

பெயரே மாறினால்?

நம் வீடுகளில் காய்ச்சலுக்குப் 'பாரசிட்டமால்' மாத்திரை போடுகிறோம். இங்கிலாந்திலும் இதே பெயர்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்த மருந்தின் பெயர் 'அசிட்டமினோபென்'.

எழுத்து மாற்றம் அல்ல, பெயரே மாற்றம்! இந்த மருந்துக்கு இரசாயன முறையில் ஒரு நீண்ட பெயர் உண்டு. இங்கிலாந்துக்காரர் அதிலிருந்து சில துண்டுகளைப் பொறுக்கி ஒரு பெயர் வைத்தார்கள். அமெரிக்கர் வேறு சில துண்டுகளைப் பொறுக்கி இன்னொரு பெயர் வைத்தார்கள். அதனால் ஒரே மருந்து இரண்டு மருந்துபோல் ஆகிவிட்டது.

இப்படி வைத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து ஒரு தாய், மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போகிறார். பையில் பாரசிட்டமால் மாத்திரை இருக்கிறது. அங்கே குளிர். காய்ச்சல், சளி, உடம்பு வலி. கொண்டுபோன மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். மாலையில் மாப்பிள்ளை கடையிலிருந்து சளி மருந்து வாங்கி வருகிறார். அதில் அசிட்டமினோபென் இருக்கிறது. "இது வேறு மருந்துதானே" என்று அதையும் குடிக்கிறார்.

என்ன ஆகும்? ஒரே மருந்து இரண்டு மடங்கு உள்ளே போகும். வயது வந்தவர்களுக்கு இந்த மருந்து நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. உடல் மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் டாக்டர் அதையும் குறைப்பார். வரம்பு மீறினால் கல்லீரல் கெடும். உயிருக்கே ஆபத்து வரலாம்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் கவனிக்க வேண்டிய மருந்தும் ஒன்று உண்டு. இங்கே 'கிளிபென்கிளமைடு' என்கிறோம். அமெரிக்காவில் 'கிளைபுரைடு'. புது டாக்டர் எழுதிய மாத்திரையோடு பழைய மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால், இரத்தத்தில் சர்க்கரை தாறுமாறாக இறங்கும். வேர்க்கும், நடுங்கும், மயக்கம் வரும். வயதானவர்களுக்கு இது பெரிய ஆபத்து.

ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து 'சால்பியூட்டமால்'. அமெரிக்காவில் அதுவே 'அல்பியூட்டரால்'. காசநோய்க்குக் கொடுக்கும் 'ரிஃபாம்பிசின்' அங்கே 'ரிஃபாம்பின்'.

இரண்டு மொழி, ஒரே அர்த்தம்!

பெயர் மாறிய கதைகளில் ஒன்று வேடிக்கையானது.

நம் சிறுநீரகத்தின் மேல் ஒரு சிறு சுரப்பி குல்லாய் போட்டதுபோல் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஊறும் சாறு இதயத்தை வேகமாக அடிக்கச் செய்யும். ஒவ்வாமையால் திடீரென மூச்சுத் திணறிச் சாயும் நோயாளிக்கு இதைத்தான் ஊசியாகப் போட்டு உயிரைக் காப்பாற்றுகிறார்கள்.

அமெரிக்க அறிஞர் ஜான் ஜேக்கப் ஏபல் இந்தச் சாற்றைப் பற்றி ஆராய்ந்து, 1897-ல் 'எபினெஃப்ரின்' என்று பெயரிட்டார். சில ஆண்டுகளில், அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய அறிஞர் ஜோகிச்சி தகாமினே அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். அது 'அட்ரினலின்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அந்தப் பெயர் ஒரு கம்பெனிக்குச் சொந்தமான வியாபாரப் பெயர் ஆகிவிட்டது. ஆகவே அமெரிக்க வைத்தியர்கள் பொதுப் பெயராக 'எபினெஃப்ரின்' என்பதை வைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்துக்காரர்களுக்கு 'அட்ரினலின்' பிடித்துப்போயிற்று.

இரண்டு பெயருக்கும் பொருள் என்ன தெரியுமா? ஒன்று லத்தீன், மற்றது கிரேக்கம். லத்தீன் சொல், சிறுநீரகத்தை ஒட்டியது என்கிறது. கிரேக்கச் சொல், சிறுநீரகத்தின் மேல் இருப்பது என்கிறது. சுற்றிச் சுற்றி ஒரே இடத்தைத்தான் காட்டுகிறார்கள்!

வேடிக்கைதான். ஆனால் நோயாளி மூச்சுத் திணறும்போது, "எபினெஃப்ரின் எங்கே? இங்கே அட்ரினலின்தானே இருக்கிறது?" என்று ஒருவர் திகைத்து நின்றால் அது வேடிக்கை அல்ல.

உலகம் கண்ட வழி

இந்தக் குழப்பத்தை உலகம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஒரு மருந்துக்கு உலகம் முழுவதும் ஒரே பொதுப் பெயர் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1950-ல் ஏற்பாடு செய்தது. 1953-ல் முதல் பட்டியல் வெளிவந்தது.

பெயர் எழுதுவதற்கும் விதி வகுத்தார்கள். 'பி, எச்' என்று இரண்டு எழுத்து வேண்டாம். 'எஃப்' ஒன்றே போதும். 'ஏ, ஈ' வேண்டாம். 'ஓ, ஈ' வேண்டாம். 'ஈ' ஒன்றே போதும். எல்லா நாட்டு மக்களும் சுலபமாக எழுத வேண்டும் என்பதே நோக்கம்.

இங்கிலாந்து என்ன செய்தது? 2003-ல் பல மருந்துகளின் பழைய பெயரை விட்டுவிட்டு உலகப் பெயரை ஏற்றுக்கொண்டது. 'அமாக்சிசிலின்' என்ற மருந்தில் 'ஒய்' போய் 'ஐ' வந்தது. நீர் பிரிய வைக்கும் 'ஃப்ரூசமைடு', 'ஃபுரோசமைடு' ஆயிற்று. மரத்துப்போக வைக்கும் 'லிக்னோகெயின்', 'லிடோகெயின்' ஆயிற்று.

பெண்களின் உடலில் ஊறும் சாற்றை 'ஈஸ்ட்ரோஜன்' என்பார்கள். அதை இங்கிலாந்துக்காரர்கள் இன்றும் 'ஓ' போட்டுத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த இனத்தைச் சேர்ந்த 'ஈஸ்ட்ரடையால்' என்ற மருந்தை 'ஓ' இல்லாமல் எழுதுகிறார்கள். சொல்லில் பழைய வழக்கம் இருக்கட்டும். மருந்தில் உலக வழக்கம் வரட்டும் என்று பிரித்துவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்!

அட்ரினலின் விஷயத்தில் பயந்தார்கள். அவசரத்தில் கையெடுக்கும் மருந்து. திடீரென்று பெயரை மாற்றினால் நர்சும் டாக்டரும் தடுமாறக்கூடும். ஆகவே பழைய பெயரை விடவில்லை. உலகப் பெயரையும் பக்கத்தில் சேர்த்தார்கள்.

இதுதான் நல்ல வழி என்பது என் கருத்து. அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாக 'அசிட்டமினோபென்' என்று படித்துவிட்டார்கள். "நாளை முதல் மாற்று" என்றால் அதுவே புதுக் குழப்பத்தை உண்டாக்கும் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. மாற்ற வேண்டாம்! பெட்டியின் மேல் இரண்டு பெயரையும் அச்சிடுங்கள். இன்று மக்கள் நாடு விட்டு நாடு போகிறார்கள். அவர்கள் பையில் மருந்தும் போகிறது. இரண்டாவது பெயரை அச்சடிக்க எவ்வளவு மை செலவாகிவிடும்?

நாம் செய்ய வேண்டியது

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க எழுத்தில் எழுதிய பிள்ளைக்கு மார்க்கைக் குறைக்காதீர்கள். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்து எழுதினால் மட்டும் திருத்துங்கள். மாணவர்களே, எந்த வழக்கத்தை எடுத்தாலும் அதைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று, அப்போது இருந்த இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-ல் விதி செய்தது. அது நோயாளிக்குப் பெரிய உதவி. கோழி கிளறியதுபோல் எழுதினால் எந்த நாட்டு எழுத்தாக இருந்தும் பயன் இல்லை!

குடும்பத்தாருக்குத்தான் முக்கியமான வார்த்தை.

மாத்திரை அட்டையில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். மற்றது மருந்தின் பொதுப் பெயர். கம்பெனிப் பெயர் கடைக்குக் கடை மாறும். பொதுப் பெயர்தான் மருந்தின் உண்மைப் பெயர். அதைப் படிக்கப் பழகுங்கள். படிக்கத் தெரியாவிட்டால், "இதன் பொதுப் பெயர் என்ன?" என்று மருந்துக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

வெளிநாடு போகும் பெரியவர்கள், தினமும் சாப்பிடும் மருந்துகளின் பொதுப் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை மில்லிகிராம் என்பதையும் எழுத வேண்டும். பழைய அட்டையைத் தூக்கி எறியக் கூடாது. அங்கே டாக்டரைப் பார்த்தால் அதைக் காட்ட வேண்டும். "அங்கே இதற்கு என்ன பெயர்?" என்று கேட்க வேண்டும். புது மருந்து கொடுத்தால், பழையதை நிறுத்துவதா, தொடர்வதா என்று தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடையில் வாங்கும் சளி மருந்திலும் காய்ச்சல் மருந்திலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் மூடியைத் திறக்காதீர்கள். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்த படிப்பு வேறு எதற்கு?

'அனீமியா'வில் எத்தனை எழுத்து என்பதை அகராதிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இரத்த சோகை, தன் பெயரில் ஏழு எழுத்தா, ஆறு எழுத்தா என்று பார்த்து ஆளைப் பிடிப்பதில்லை!

ஆனால் கையில் இருக்கும் மாத்திரை எது என்று தெரியாமல் வாயில் போடாதீர்கள். பெயரைத் தெரிந்துகொண்டு விழுங்குங்கள்.